வெள்ளிக்கிழமை எண்ணெய்

குவைத்திலிருந்து நான் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். என் நைனா எப்படிப் போனார்? பெற்ற அப்பன் இறந்த சேதி எனக்கு டெலிபோனில் வந்தது. நான் வேலை பார்த்த வீட்டு அம்மா சமையலறை வாசலுக்கு வந்து போனைக் கையில் கொடுத்தாள். அந்தப் பக்கம், நகரியில் ஏதோ ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து என் வீட்டுக்காரர். "மாமா நிம்மதியா போய்ட்டாரு. நீ மனச வுட்டுடாத," என்றார். எங்கே, எப்படி என்று நான் கேட்பதற்குள் லைன் போய்விட்டது. என் பாஸ்போர்ட் அந்த வீட்டு முதலாளியின் பீரோவில் இருந்தது. கேட்டுப் பார்த்தேன். ஒப்பந்தம் முடியட்டும் என்றார்கள். ஒரே பெண் நான், பாத்திரம் தேய்த்துக்கொண்டே அழுது முடித்தேன்.

ஒப்பந்தம் முடிந்து வந்தேன். மதராஸ் விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப் போன மனுஷன் வழியெல்லாம் மகனைப் பற்றிப் பேசினார். திருப்பதியில் ஹாஸ்டலில் இருக்கிறானாம், இங்கிலீஷில் நன்றாகப் பேசுகிறானாம். தறியைப் பற்றிப் பேசினார். நூல் விலை ஏறுவதையும், கரண்ட் நின்று நின்று வருவதையும் பேசினார். நைனாவைப் பற்றி மட்டும் வாயில் கொழுக்கட்டை. வீட்டுக்கு வந்த அன்றே கேட்டேன். "அப்புறம் சொல்றேன், நீ மொதல்ல துன்னு," என்றார். மறுநாளும் கேட்டேன். நூல் வந்திருக்கிறது என்று எழுந்து போய்விட்டார்.

துக்கம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டம்மா, "பாவம், திருப்பதி ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போற வழியிலேயே..." என்று ஆரம்பித்தாள். என் வீட்டுக்காரர் வருவதைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நிம்மதியாகப் போனவரை எதற்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்? கண் மங்கிப்போய், மெக்கானிக் கடையை மூடிவிட்டு, மகள் இல்லாத வீட்டில் மருமகனை நம்பி வந்து இருந்தவர் அவர். இந்த ஆள் அவரைச் சரியாகக் கவனிக்காமல் விட்டுவிட்டாரோ? அப்படி ஒரு சந்தேகத்தை மனசில் வைத்துக்கொண்டு ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றை எப்படித் தின்பது?

அந்த நேரத்தில்தான் அந்த மோட்டார் சைக்கிள் என் கண்ணில் பட்டது. தறிக்கொட்டகைக்குப் போகும் நடையில், என்னுடைய பழைய புடவை ஒன்றைப் போர்த்திக்கொண்டு நின்றது. என் கல்யாணத்துக்கு நைனா செய்து கொடுத்தது. 'செய்து' என்று தெரிந்துதான் சொல்கிறேன். புத்தூரில் அவருக்கு மோட்டார் சைக்கிள் ஒர்க் ஷாப். இன்ஜின் ஒரு உடைந்த வண்டியிலிருந்து வந்தது, சேஸிஸ் இன்னொன்றிலிருந்து வந்தது, டேங்க் மட்டும்தான் புதுசு. நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அம்மா போய்விட்டதால், பள்ளிக்கூடம் விட்டால் நான் உட்காரும் இடம் அந்த ஒர்க் ஷாப்தான். பாவாடையெல்லாம் கிரீஸ். வயசுக்கு வந்த பிறகும் போய்க்கொண்டிருந்தேன். பொம்பளைப் பிள்ளைக்கு ஸ்பானர் எதற்கு என்று சொந்தக்காரர்கள் கத்தினார்கள். நைனா காதில் வாங்கவே இல்லை. ஒரு வண்டியைத் தனியாகப் பிரித்துப் பூட்டும் பெண் அந்த வட்டாரத்தில் நான் ஒருத்திதான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, இன்றைக்கும்தான்.

நைனாவிடம் ஒரு குணம். கோளாறை உள்ளது உள்ளபடி சொல்லிவிடுவார். ஒருமுறை அவரே தவறான ஸ்பிரிங்கைப் போட்டு அனுப்பிவிட்டார். வண்டி திரும்பி வந்தது. "என் தப்புதான்," என்று வந்தவர் முகத்துக்கு நேராகச் சொன்னார். அந்த ஆள் தெலுங்கில் எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டுப் போனார். எனக்கு ஆத்திரம். "எதுக்கு நைனா சொன்ன? சரக்கு சரியில்லைன்னு தள்ளிவிட வேண்டியதுதானே?" என்றேன். "வண்டிக்கு இன்னா ஆச்சுன்னு கேட்டு வந்தவன்கிட்ட வேற ஒண்ணச் சொல்லி அனுப்புனா, நான் எதுக்கும்மா கடையத் தொறந்து வெச்சிகினு கீறேன்?" என்றார். கோபமெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

நான் புடவையை விலக்கியதும் என் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணி வெச்சிகினு கீறேன், பாரு," என்று கிக்கரை உதைத்தார். ஒரே உதை. நடை முழுக்கப் புகை. நைனாவின் இன்ஜின் சத்தம் கேட்டதும் டேங்கின் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"ஓட்டலையா?" என்று கேட்டேன்.

"நீ இல்லாம எப்புடி?" என்றார்.

நான் போன புதிதில் இவர் வண்டியில் போனால் தெருமுனையில் உட்கார்ந்திருக்கும் தடிப்பயல்கள், "பொண்டாட்டி குவைத்துல, இவரு பைக்குல," என்று சேர்ந்து பாடுவார்களாம். அன்றைக்கு வண்டியை நிறுத்தியவர்தான். நான் நல்லபடியாக வந்து சேரும் வரை அதில் ஏறுவதில்லை என்று திருப்பதி மலை இருக்கும் திசையைப் பார்த்து வேண்டிக்கொண்டாராம். அப்புறம் சைக்கிள்தான்.

"சரி, எறங்குங்க," என்று நான் ஏறி உட்கார்ந்தேன். கிளட்சை முழுக்கப் பிடித்து முதல் கியரைப் போட்டேன். வண்டி தவளை மாதிரி ஒரு குதி குதித்துச் சுவரில் போய் முட்டி, இன்ஜின் அணைந்துவிட்டது. நல்ல வேளை, காலை ஊன்றிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் அவர் முகத்தில் ரத்தமே இல்லை. நான் விழப் பார்த்தேனே என்று பயந்துவிட்டார் என நினைத்துக்கொண்டேன்.

"கிளட்ச் ஒட்டிக்கினு கீது," என்றேன்.

"தெரியும்."

"எப்புடித் தெரியும்?"

"நீதான் பிரிக்கணும்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். என்ன ஜென்மமோ என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வேலையைத் தொடங்கினேன். கிளட்ச் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வட்டத் தகடுகள், இரும்பு ஒன்று கார்க் ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். பிளேட்டு என்போம். கைப்பிடியை இழுத்தால் இந்தப் பிளேட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலக வேண்டும். விலகினால்தான் கியர் மெதுவாக விழும். விலகாவிட்டால் கியர் விழுந்த உடனே வண்டி பாயும், இல்லாவிட்டால் மூச்சடைத்து நின்றுவிடும்.

எடுத்த எடுப்பில் பிரிக்கக் கூடாது என்பது நைனாவின் வழி. வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். கைப்பிடியில் ஆட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. கேபிள் துருப்பிடித்திருந்தது. மேல் முனையைக் கழற்றி, காகிதத்தைப் புனல் மாதிரி சுருட்டி அதில் ஆயில் விட்டேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. கீழே கேபிள் இழுக்கும் சின்னக் கை முழுசாக நகர்ந்தது. ஆக, கோளாறு வெளியே இல்லை. கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். பிளேட்டு விலகியிருந்தால் இந்த வண்டியில் கிக்கர் சும்மா பொத்தென்று இறங்க வேண்டும். இறங்கவில்லை, இன்ஜினையும் சேர்த்துத் திருப்பியது.

நின்றுபோன வண்டியில் பிளேட்டு ஒட்டுவது சகஜம். அதற்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. கியரில் போட்டு, கிளட்சை இழுத்துப் பிடித்து, முன்னும் பின்னும் வேகமாக ஆட்ட வேண்டும். நாலு ஆட்டில் 'டப்'பென்று விட்டுவிடும். நைனாவின் கடையில் நான் எத்தனையோ வண்டிகளுக்குச் செய்திருக்கிறேன், ஒன்றுகூட என்னை ஏமாற்றியதில்லை. இதை ஆட்டினேன், ஆட்டினேன், முதுகு விட்டுப்போகும் வரை ஆட்டினேன். அசையவில்லை. வெறுமனே நின்றதால் ஒட்டியது இல்லை இது என்று அப்போதே தெரிந்துவிட்டது. உள்ளே வேறு என்னவோ இருக்கிறது.

அவர் வந்து வண்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். கிக்கரையும் கால் வைக்கும் கம்பியையும் கழற்றினேன். ஆயிலை வடிக்க ஒரு பழைய அலுமினியத் தட்டைக் கீழே வைத்து அடைப்பைத் திறந்தேன். கருப்பாக, தண்ணீர் மாதிரி ஓட வேண்டிய ஆயில். வந்தது பழுப்பாக, வெல்லப் பாகு மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. தட்டு நிரம்பி வழிந்தது. இவ்வளவு எப்படி உள்ளே போனது? மூடியின் திருகாணிகளைத் தட்டித் தட்டித் திறந்து, ஸ்பிரிங்குகளைக் கழற்றி, பிளேட்டுகளை இழுத்தேன். ஒவ்வொன்றாக வரவேண்டியது எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாக வந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். மோட்டார் நாற்றமே இல்லை. சாமி அறை வாசனை.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றினால், கிண்ணத்தில் மீந்த விளக்கெண்ணெயில் ஒரு கரண்டி தறிக்குப் போகும். இவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். சோறு போடுகிற இயந்திரத்துக்குச் சாமி பிரசாதம் மாதிரி. தறிக்கு அதனால் கெடுதல் இல்லை, இரும்புக்கு மேலே விழுந்து வழிந்து போய்விடும். இந்த மகானுபாவர் அதையே வண்டிக்கும் செய்திருக்கிறார். கிளட்சும் சேர்ந்து மூழ்கியிருக்கும் கியர் ஆயிலை விடும் மூடியைத் திறந்து, வெள்ளிக்கிழமைதோறும்!

கோபம் வந்தால் எனக்கு 'ங்க' போய் 'யா' வந்துவிடும். "யோவ், உனக்கு அறிவு கீதாய்யா? வெளக்கெண்ணெய எவனாவது கியர் பாக்ஸ்ல ஊத்துவானா? சூடு பட்டுப் பட்டுப் பாகாக் காஞ்சி கீது பாரு! இதனாலதான்யா ஒட்டிக்கிச்சு. வேற ஒரு எழவும் இல்ல. எங்க நைனா பாத்துப் பாத்துச் செஞ்ச வண்டி, சும்மா வுட்டிருந்தாலே இன்னிக்கும் குதிரையாட்டம் போயிருக்கும்!"

எப்போதும் என் திட்டுக்கு லேசாகச் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. வண்டியை விட்டார். சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதனாலதான் ஒட்டிக்கிச்சா?" என்றார்.

"பின்ன?"

"அன்னிக்கும் இதனாலதானா?"

"என்னிக்கு?"

அப்போதுதான் சொன்னார். நான் அத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்ததை, கையில் கட்டியாக ஒட்டிய பிளேட்டுகளோடு நின்றுகொண்டு கேட்டேன்.

"மாமாவுக்கு நெஞ்சு வலி வந்தது ஆடிக் கிருத்திகை அன்னிக்கு. ஊர்ல ஒரு ஆட்டோ இல்ல, எல்லாம் காவடிக்காரங்கள ஏத்திகினு திருத்தணிக்குப் போய்டுச்சு. டாக்டர் வந்து பாத்துட்டு, 'வெண்டனே திருப்பதி தீஸ்குபோண்டி'ன்னாரு. உடனே கொண்டு போவணும்னு. வண்டி கீதேன்னு நான் தெகிரியமா இருந்தேன். வேண்டுதலாவது மண்ணாவதுன்னு வெளிய எடுத்தேன். மாமாவப் பின்னால உக்கார வெச்சு, துண்டால என் இடுப்போட சேத்துக் கட்டிகினேன். ஒரே ஒதை, ஸ்டார்ட் ஆய்டுச்சு. கியர் போட்டேன். நேத்து உனக்குக் குதிச்சுதே, அதே மாதிரி குதிச்சு நின்னுடுச்சு. மறுபடி ஒதைப்பேன், மறுபடி நின்னுடும். எனக்குக் கை காலு ஓடல."

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாமாதான் தோள்ல தட்டி, 'பிளேட்டு ஒட்டிக்கிச்சு மாப்பிள்ள, ஒதைக்காதீங்க, வுடுங்க. என் பொண்ணு வந்தா பிரிச்சிடுவா'ன்னாரு. அந்த வலியிலயும் சிரிச்சாரு. அப்புறம் நூல் எறக்க வந்த வேனைப் புடிச்சுக் கெஞ்சி, ஏத்திகினு போறதுக்குள்ள... வடமாலப்பேட்டை தாண்டல."

நைனாவை நான் கண்ணுக்குள் பார்த்தேன். மருமகனின் முதுகில் துண்டால் கட்டப்பட்டு, மங்கிய கண்ணோடு, இன்ஜின் அணையும் சத்தத்தை வைத்தே கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்கிறார். கடைசியில் என்னைத்தான் நினைத்திருக்கிறார். என் கையை நம்பியிருக்கிறார்.

"அதனாலதான் எந்த மெக்கானிக்கையும் கை வைக்க வுடல," என்றார் அவர். "நீ வந்து தொறக்கணும்னு. வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணுவேன். எண்ணெ பத்தாமதான் ஒட்டிக்கிச்சோன்னு, அன்னிலருந்து இன்னும் ரெண்டு கரண்டி சேத்து ஊத்திகினு இருந்தேன்." தட்டில் நிரம்பி வழிந்ததைப் பார்த்தார். "நீ நல்லா வரணும்னு சாமிக்கு ஏத்துன வெளக்கு எண்ணெ அது. அதுவா மாமாவ...?"

உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் அந்தக் கட்டியை அவர் தலையிலேயே போட வேண்டும் என்று இருந்தது. பாவி மனுஷா, என் நைனாவைக் கொன்றுவிட்டாயே என்று கத்த வாயெடுத்துவிட்டேன். அவரைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையையும் விரித்து அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் என்ன சொல்லப் போகிறேனோ அதை இனி ஆயுசு முழுக்கச் சுமக்கத் தயாராக இருக்கிற முகம். நைனா இறந்த நாளிலிருந்து எதைச் சொல்லப் பயந்தாரோ அதைவிடப் பெரிய ஒன்றை நான் என் வாயாலேயே அவர் தலையில் இறக்கியிருக்கிறேன். வண்டி நின்றது மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. ஏன் நின்றது என்பதை நான்தான் சொன்னேன்.

"இல்லங்க," என்றேன். "கோவத்துல சும்மா கத்துனேன். ரொம்ப நாள் நின்ன எந்த வண்டியும் ஒட்டிக்கும். நல்ல ஆயில் இருந்திருந்தாலும் அன்னிக்கு ஒட்டிகினுதான் இருந்திருக்கும். எண்ணெக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"நெசமாவா?"

"நான் யாரு பொண்ணுன்னு நெனச்சீங்க?"

அதற்குமேல் அவரால் முடியவில்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டு தேம்பினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கிரீஸ் கையோடு அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். நானும் அழுதேன். குவைத்தில் பாத்திரத்தோடு அழுதது அழுகையே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

பொய்தான் சொன்னேன். நின்றதால் ஒட்டிய பிளேட்டு அன்றைக்கு வண்டி குதித்த முதல் குதியிலேயே விட்டுப்போயிருக்கும். சாயங்காலம் நைனா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்திருப்பார். பிழைத்திருப்பாரா, தெரியாது. போய்ச் சேர்ந்திருப்பார். கோளாறு என்னவென்று கேட்டவரிடம் வேறு ஒன்றைச் சொல்லி அனுப்பினேன். அதுவும் நைனாவின் பெயரையே இழுத்துச் சத்தியம் மாதிரி சொன்னேன்.

மிச்ச வேலையை இருவரும் சேர்ந்து செய்தோம். கத்தி முனையால் பிளேட்டுகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினோம். இரும்புப் பிளேட்டுகளை அவர் உப்புத்தாளில் தேய்த்தார். கார்க் பிளேட்டுகளை நான் புது ஆயிலில் ஊறவைத்தேன். பூட்டி முடித்து, கிளட்சைப் பிடித்துக் கியரைப் போட்டபோது சின்னதாக ஒரு 'க்ளிக்'. அவ்வளவுதான். கைப்பிடியை மெல்ல விட்டதும் வண்டி நகர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார, மகனைப் பார்க்கத் திருப்பதிக்குப் போனோம். வடமாலப்பேட்டை வந்ததும் வேகத்தைக் குறைத்தார். நான் அவர் முதுகில் கையை வைத்தேன். நிறுத்தவில்லை.

எனக்கு இன்னொரு கவலை இருந்தது. வெள்ளிக்கிழமை வரும். இனிமேல் வண்டிக்கு எண்ணெய் ஊற்றாதீங்க என்று சொன்னால், ஏன் என்று கேட்பார், என் பொய் உடைந்துவிடும். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் ஊற்றட்டும், அவர் தறிக்குப் போனதும் சத்தமில்லாமல் வடித்துவிட்டு நல்ல ஆயிலை விட்டுவிடலாம் என்று முடிவு செய்துகொண்டேன். உயிரோடு இருக்கும் வரை வாரா வாரம் வடிக்க வேண்டியிருந்தாலும் சரி. அந்த அலுமினியத் தட்டைக் கழுவி, ஒரு கேன் ஆயிலோடு சாக்குக்குப் பின்னால் மறைத்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. குளித்துவிட்டு வந்து விளக்கேற்றினார். மீந்த எண்ணெயைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு போய்த் தறிக்கு விட்டார். மறுபடி கரண்டியை நிரப்பிக்கொண்டு நடைக்கு வந்தார். நான் அடுப்பங்கரையில் குழம்பைக் கிண்டுகிற மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டிக்கு முன்னால் நின்றார். மூடியின் மேல் கையை வைத்தார். திறக்கவில்லை. கரண்டி எண்ணெயைச் சிந்தாமல் திருப்பிக் கொண்டுபோய் விளக்கிலேயே ஊற்றினார். அதற்குமேல் மாட்டியிருந்த நைனா படத்தை நிமிர்ந்து பார்த்து, இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தப்புக்குப் போட்டுக்கொள்வது போல, மெதுவாக, பலமுறை.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த எண்ணெய்ப் பாகைப் பெயர்த்து, பிளேட்டுகளை அவரும்தானே தேய்த்தார்.

அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்றுவரை. சாதத்தை வடித்து இறக்கிவிட்டு, "துன்ன வாங்க," என்று கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் ஒரே பானையிலிருந்து போட்டேன்.